லண்டன் செயின்ட் பால் பேராலயம்: சிலை ஓரிடம், கல்லறை ஓரிடம்

நீங்கள் கேட்டது இரண்டு. லண்டன் செயின்ட் பால் பேராலயம் 1,400 ஆண்டுப் பழமையானது என்று ஓரிடத்தில் படித்தீர்கள், 1710 வாக்கில்தான் கட்டி முடித்தார்கள் என்று வேறோரிடத்தில் படித்தீர்கள். இதில் எது சரி? உள்ளே சிலையாக நிற்பவர்கள் எல்லாரையும் அங்கேயேதான் புதைத்தார்களா? என் பார்வையில் இரண்டும் ஒரே கேள்விதான். கண்ணெதிரே இருக்கும் கல்லில் எது உண்மையிலேயே பழையது, அதை யார், யாருக்காக வைத்தார்கள் என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது. நான் கட்டடக்கலை படித்து, பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்துக் காக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன். சுவர், தூண், கூரை பற்றி உறுதியாகப் பேசுவேன். சிற்பங்களின் கலைத்தரம் என் துறை இல்லை. அதைப் பற்றி நான் சொல்வதை ஒரு ரசிகனின் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தேதி. இரண்டுமே சரிதான், ஆனால் இரண்டும் ஒரே பொருளின் வயது அல்ல. கி.பி. 604 என்பது லண்டனில் புனித பவுலின் பெயரில் ஓர் ஆயர் ஆலயம் தொடங்கிய ஆண்டு. கெண்ட் அரசர் எத்தல்பர்ட் கட்டிக்கொடுத்தார். மெல்லிட்டஸ் அதன் முதல் ஆயர். இதை எழுதிவைத்தவர் பீட் என்ற துறவி. நடந்து நூறாண்டுக்கு மேல் கழித்து எழுதினாலும் அவர் சொன்னதை வரலாற்றாசிரியர்கள் ஏற்கிறார்கள். அந்த முதல் ஆலயம் சரியாக இதே மனையில்தான் நின்றதா என்பதற்குத் தோண்டி எடுத்த சான்று கிடையாது. இதே மேட்டில் இருந்திருக்கும் என்பது நியாயமான ஊகம், அவ்வளவுதான். அதற்கும் முன்னால் ரோமானியர் காலத்தில் அங்கே டயானா தேவிக்குக் கோவில் இருந்தது என்று ஒரு பழைய கதை உண்டு. இன்றைய ஆலயத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் 17ஆம் நூற்றாண்டில் அஸ்திவாரம் தோண்டியபோது அந்தக் கதையை மனதில் வைத்தே கவனித்துப் பார்த்தார். ரோமானியப் பானை ஓடுகள் கிடைத்தன, கோவிலின் தடயம் எதுவும் கிடைக்கவில்லை. யாராவது இதை உங்களிடம் உறுதியாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

1087இல் அப்போதிருந்த ஆலயம் தீயில் போனது. அதன்பின் ஆயர் மாரிஸ் தொடங்கிய கட்டடம்தான் இன்று 'பழைய செயின்ட் பால்' என்று சொல்லப்படுவது. கட்டி, நீட்டி, முடிய இருநூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. ஐரோப்பாவின் மிக நீண்ட ஆலயங்களில் அது ஒன்று. நடுக்கோபுரத்தின் மேல் மரத்தாலும் ஈயத் தகட்டாலும் ஆன ஊசிமுனைக் கூம்பு இருந்தது. அதன் உயரம் 489 அடி என்று பழைய நூல்கள் சொல்கின்றன, ரென் 460 அடி என்று மதிப்பிட்டார். நான் ரென் பக்கம்தான் நிற்பேன், அவர் கணக்குப் போட்டவர். எந்தக் கணக்கை எடுத்தாலும் இன்றைய குவிமாடத்தின் 365 அடியைவிட அது உயரம். 1561 ஜூன் 4ஆம் தேதி மின்னல் தாக்கி அந்தக் கூம்பு எரிந்து விழுந்தது, திரும்ப வைக்கவே இல்லை. அப்புறம் ஒரு நூறாண்டு அந்த ஆலயத்துக்குக் கெட்ட காலம். நடுக்கூடம் ஊர்ப் பொதுவழியாகவும் சந்தையாகவும் இருந்தது. வழக்கறிஞர்கள் அங்கே கட்சிக்காரர்களைச் சந்தித்தார்கள், வேலை தேடுபவர்கள் தூணோரம் காத்து நின்றார்கள். 1630களில் கட்டடக் கலைஞர் இனிகோ ஜோன்ஸ் மேற்கு முகப்பில் ரோமானிய பாணியில் பெரிய தூண் மண்டபம் ஒன்றைச் சேர்த்தார். உள்நாட்டுப் போரின்போது குதிரைப்படை உள்ளேயே குதிரைகளைக் கட்டியது.

1666 ஆகஸ்ட் 27ஆம் தேதி ரென் உட்பட ஒரு குழு கட்டடத்தைப் பார்வையிட்டது. நடுக்கோபுரத்தை எடுத்துவிட்டுக் குவிமாடம் வைக்கலாம் என்பது ரென் சொன்ன யோசனை. ஆறே நாளில், செப்டம்பர் 2ஆம் தேதி, லண்டன் பெருந்தீ தொடங்கியது. பழுதுபார்ப்புக்காகக் கட்டியிருந்த மரச் சாரமே தீயை மேலே ஏற்றியது. கூரையின் ஈயம் உருகித் தெருவில் ஓடியதை ஜான் ஈவ்லின் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். புத்தக வியாபாரிகள் பத்திரம் என்று நினைத்து நிலவறையில் அடுக்கி வைத்திருந்த சரக்கு முழுவதும் எரிந்தது.

அந்தத் தீயிலிருந்து ஏறக்குறைய முழுதாகத் தப்பிய நினைவுச்சிலை ஒன்று உண்டு. தெற்குப் பக்க நடையில் நிற்கும் ஜான் டன்னின் சிலை. கவிஞர், 1621 முதல் 1631இல் இறக்கும்வரை இந்த ஆலயத்தின் டீன், அதாவது தலைமைக் குரு. சிற்பி நிக்கோலஸ் ஸ்டோன் வெள்ளைச் சலவைக்கல்லில் செதுக்கியது. பிணத்துக்குச் சுற்றும் துணி, தலைக்கு மேல் முடிச்சு, மூடிய கண்கள். ஓர் அஸ்திக் கலசத்தின் மேல் நிற்கிறார். அருகே போய்க் குனிந்து அந்தக் கலசத்தைப் பாருங்கள். அதில் தெரியும் கருகல் 1666ஆம் ஆண்டுத் தீயின் தடம். சிலை நெடுங்காலம் நிலவறையில் கிடந்து, 19ஆம் நூற்றாண்டில்தான் மேலே வந்தது. சாவதற்கு முன் டன் தானே அந்தத் துணியைப் போர்த்திக்கொண்டு ஓவியருக்கு நின்றார், அந்தப் படத்தைக் கட்டிலருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவர் வரலாற்றை எழுதிய ஐசக் வால்டன் சொல்கிறார். வால்டன் அவரை நேரில் அறிந்தவர் என்பது உண்மை; தன் நாயகர்களைப் புனிதர்களாக்கிக் காட்டும் பழக்கம் உள்ளவர் என்பதும் உண்மை. கதையை ரசியுங்கள், சான்றாக எடுக்காதீர்கள். கருகல் மட்டும் கண்கூடான சான்று.

ஆக, நீங்கள் பார்க்கப்போகும் கட்டடம் தீக்குப் பின் எழுந்தது. அடிக்கல் 1675 ஜூன் 21, முதல் வழிபாடு 1697 டிசம்பர் 2, உச்சிக் கல் 1708, கட்டி முடிந்ததாக நாடாளுமன்றம் அறிவித்தது 1711. பணம் வந்தது லண்டன் துறைமுகத்தில் இறங்கிய நிலக்கரி மீது போட்ட வரியிலிருந்து. வேலை இழுக்கிறது என்று 1697இல் ரென்னின் ஆண்டுச் சம்பளமான 200 பவுண்டில் பாதியை நாடாளுமன்றம் நிறுத்திவைத்தது. முடிந்தபிறகுதான் அந்தப் பாக்கி அவருக்குக் கிடைத்தது. முதலில் அவர் ஆசைப்பட்ட வடிவம் வேறு. அதற்காக ஓக் மரத்தில் செய்த பெரிய மாதிரி இன்னும் ஆலயத்திலேயே இருக்கிறது, ஒரு ஆள் உள்ளே நிற்கும் அளவு பெரியது. குருமார்களுக்கு அது பிடிக்கவில்லை. பிறகு கூம்பு வைத்த ஒரு வடிவத்துக்கு அரசர் ஒப்புதல் கொடுத்தார், அலங்காரத்தில் சில மாற்றங்கள் செய்துகொள்ளலாம் என்ற அனுமதியோடு. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ரென் ஏறக்குறைய வேறொரு கட்டடத்தையே கட்டினார். நிறைய பேர் குழம்புவது இங்கேதான்: ஒப்புதல் பெற்ற வரைபடத்தையும் நிற்கிற கட்டடத்தையும் பக்கத்தில் வைத்தால் இரண்டுக்கும் உறவே இல்லாததுபோல் இருக்கும்.

பழைய ஆலயத்தில் எதுவுமே மிஞ்சவில்லையா என்றால், மிஞ்சியிருக்கிறது, ஆனால் பார்வைக்குப் படாத இடத்தில். ரென் பழைய சுவர்களை வெடிமருந்து வைத்தும், பிறகு மரத்தூணால் மோதியும் இடித்தார். அந்தக் கல் வீணாகவில்லை. குவிமாடத்தைத் தாங்கும் எட்டுப் பெருந்தூண்களுக்கும் வெளிப்பக்கம்தான் செதுக்கிய போர்ட்லண்ட் கல், அதாவது வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல். உள்ளே சுண்ணாம்போடு கொட்டியது உடைகல், அதில் பழைய ஆலயத்தின் கல்லும் அடக்கம். இனிகோ ஜோன்ஸின் தூண் மண்டபத் துண்டுகள்கூட அஸ்திவாரத்திலிருந்து பிற்காலத்தில் வெளிவந்திருக்கின்றன. எங்கள் தொழிலில் இந்த மாதிரித் தூண் நிம்மதி தராத சமாச்சாரம். வெளித்தோல் கெட்டி, உள்ளீடு நெகிழ்ச்சி. பாரம் ஏற ஏற உள்ளீடு அமுங்கி, சுமை முழுவதும் தோலுக்கு வந்துசேரும், தோல் வெடிக்கும். இங்கேயும் அதேதான் நடந்தது. ரென் காலத்திலேயே கற்கள் பிளந்து மாற்ற வேண்டியிருந்தது. 1924 கடைசியில் ஆபத்தான கட்டடம் என்று அறிவிப்பே ஒட்டினார்கள். 1925 முதல் 1930 வரை குவிமாடப் பகுதியை மூடி, தூண்களுக்குள் சிமென்ட் கரைசலை அழுத்தத்தில் செலுத்தி, குவிமாடத்தின் அடியில் துருப்பிடிக்காத எஃகுச் சங்கிலி ஒன்றைச் சுற்றினார்கள். சுண்ணாம்புக் கட்டடத்தில் சிமென்ட் செலுத்துவதை இன்று நான் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் அன்றைக்கு வேறு வழி அதிகம் இல்லை, கட்டடமும் நிற்கிறது.

குவிமாடம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பார்வையாளர்கள் அதை ஒன்று என்றே நினைத்துவிட்டு வருகிறார்கள். அது மூன்று. ஒரு சின்னச் சட்டியைக் கவிழ்த்து, அதன் மேல் பெரிய சட்டியைக் கவிழ்த்தது மாதிரி, உள்ளிருந்து அண்ணாந்து பார்க்கும் குவிமாடம் வேறு, வெளியே தெருவிலிருந்து தெரிவது வேறு. வெளியே தெரிவது மரச்சட்டத்தின் மேல் ஈயத் தகடு. அதற்குச் சுமை தாங்கும் வலு கிடையாது. இரண்டுக்கும் நடுவே, எங்கிருந்து பார்த்தாலும் கண்ணில் படாமல், செங்கல்லால் ஒரு கூம்பு. சுவரின் கனம் 18 அங்குலம்தான். உச்சியில் இருக்கும் சுமார் 850 டன் கல் விளக்கு மண்டபத்தைத் தாங்குவது அதுதான். படியேறி மேலே போனால் அந்தக் கூம்பின் பக்கவாட்டில்தான் நடப்பீர்கள், கையை வைத்துப் பாருங்கள். கட்டடத்தின் வெளிச்சுவரிலும் மேல்தளம் வெறும் திரைச்சுவர். அதன் பின்னால் அறை கிடையாது. கூரையைத் தாங்கும் உதைவளைவுகளை மறைக்க எழுப்பியது. அந்தச் சுவரின் பாரம் கீழே இருப்பதை அழுத்திப் பிடிக்கவும் உதவுகிறது. இதை ஏமாற்று வேலை என்று சொன்ன கட்டடக் கலைஞர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊரின் வானத்தில் எவ்வளவு உயரம் தெரிய வேண்டும், உள்ளே நிற்பவரின் கண்ணுக்கு எவ்வளவு உயரம் அடங்கும் என்று தனித்தனியாக யோசித்தவர் ரென்.

குவிமாடத்தின் மையத்தைக் குறிக்க ஒரு கல் கொண்டுவா என்று ரென் சொல்ல, வேலையாள் இடிபாட்டிலிருந்து எடுத்துவந்த கல்லறைக் கல் துண்டில் 'மீண்டும் எழுவேன்' என்று லத்தீனில் இருந்ததாம். ரென் குடும்பத்தார் தொகுத்த நூலில் வரும் கதை இது, நூல் அச்சானது 1750இல். நடந்திருக்கலாம், நிரூபிக்க முடியாது. தெற்கு முகப்பில் சிபர் என்ற சிற்பி செதுக்கிய பீனிக்ஸ் பறவையும் அதன் கீழே அதே சொல்லும் இருப்பது மட்டும் உறுதி.

இனி சிலைகள். கட்டி முடித்தபின் எண்பது ஆண்டுக்கு மேல் ஆலயத்தின் தரைத்தளத்தில் நினைவுச்சிலையே கிடையாது. 1773இல் ஜோஷுவா ரெனால்ட்ஸும் மற்ற ஓவியர்களும் சுவர்களுக்கு இலவசமாகப் படம் வரைந்து தருகிறோம் என்றார்கள். கத்தோலிக்க வாடை அடிக்கும் என்று ஆயர் டெரிக் மறுத்துவிட்டார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இடமே இல்லாமல் நெருக்கிவிட்டபிறகுதான் பார்வை இந்தப் பக்கம் திரும்பியது. முதலில் வந்தவை 1796இல் ஜான் பேக்கன் செய்த இரண்டு: சிறைச் சீர்திருத்தவாதி ஜான் ஹோவர்ட், அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன். இரண்டு பேருக்கும் ரோமானிய உடை. கையில் சாவியோடு நிற்கும் ஹோவர்டைப் புனித பேதுரு என்று நினைத்துக்கொண்ட பார்வையாளர்கள் உண்டு என்று சொல்வார்கள். உங்கள் கேள்விக்கு இந்த இருவரே பதில். ஹோவர்டின் உடல் இருப்பது இன்றைய உக்ரைனில் உள்ள கெர்சன் பக்கத்தில். ஜான்சன் இருப்பது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில்.

அடுத்து பிரான்சோடு நடந்த போர்கள். செத்த தளபதிகளுக்கும் கப்பல் தலைவர்களுக்கும் சிலை வைக்க நாடாளுமன்றம் பணம் ஒதுக்கியது. எந்தச் சிற்பிக்கு வேலை என்று முடிவு செய்ய 1802இல் அரசு ஒரு குழு அமைத்தது. ஆகவே ஆலயத்தில் ஏன் இத்தனை வாள், பீரங்கி, சிங்கம், சிறகு முளைத்த வெற்றி தேவதை என்று உங்களுக்குத் தோன்றினால், தோன்றுவது சரிதான். அவற்றைக் கேட்டு வாங்கியது அரசு, குருமார்கள் இடம் கொடுத்தார்கள். பெரும்பாலானவை எனக்குப் பிடிக்காது. பளிங்கு நிறைய, மனிதர் குறைவு. ஃபிளாக்ஸ்மன் செய்த, கடற்படைத் தளபதி நெல்சனின் சிலை மட்டும் விதிவிலக்கு. வலது கை இழந்தவர் என்பதைக் காட்டவும் வேண்டும், மறைக்கவும் வேண்டும். மயிர்த்தோல் வைத்த கனத்த மேலங்கி ஒன்றைத் தோளில் போட்டு, கை இல்லாத பக்கத்தை அதன் மடிப்புக்குள் விட்டிருக்கிறார். முகத்தில் களைப்பு தெரிகிறது. பக்கத்தில் பிரிட்டன் நாட்டைப் பெண்ணாக உருவகித்த பிரிட்டானியா இரண்டு சிறுவர்களுக்கு அவரைக் காட்டுகிறாள். அந்தப் பகுதியைக் கடந்து முகத்தைப் பாருங்கள்.

நம்மவர்கள் நின்று பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று வில்லியம் ஜோன்ஸ். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று 1786இல் கல்கத்தாவில் பேசியவர். 1794இல் அங்கேயே இறந்து, பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். இங்கே இருக்கும் சிலை 1799இல் கிழக்கிந்தியக் கம்பெனி செலவில் பேக்கன் செய்தது. கையூன்றியிருப்பது அவர் மொழிபெயர்த்த மனு நூலின் மேல். பீடத்தில் இருக்கும் புடைப்புச் சிற்பத்தைக் குனிந்து பாருங்கள்: மும்மூர்த்தி உருவமும், ஆமை மேல் மத்தை நிறுத்திப் பாற்கடல் கடையும் காட்சியும் தெரியும். ஓர் ஆங்கிலிக்கன் பேராலயத்துக்குள் கூர்மாவதாரம் வந்த வழி இது. இரண்டாவது, கவர்னர் ஜெனரலாக இருந்த காரன்வாலிஸ். 1805இல் கங்கைக் கரையில் உள்ள காஜிப்பூரில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார். இங்கே ரோசி செய்த சிலையில் அவர் உயரத்தில் நிற்க, கீழே பிரிட்டானியாவும் இந்திய நதிகளைக் குறிக்கும் உருவங்களும். 1792இல் திப்புவிடமிருந்து திண்டுக்கல்லையும் பாராமகாலையும் கம்பெனிக்கு வாங்கி, அவருடைய இரண்டு பிள்ளைகளைப் பிணையாக மதராசுக்குக் கொண்டுபோனவர் இவர்தான். காலடியில் நதிகள் உட்கார்ந்திருப்பதை எனக்குச் சும்மா ரசித்துவிட்டுப் போக முடியவில்லை.

மூன்றாவது, கல்கத்தா ஆயராக இருந்த ஹீபர், மண்டியிட்ட நிலையில், சாண்ட்ரி செய்த சிலை. 1826 ஏப்ரல் 3ஆம் தேதி திருச்சியில், வெயிலில் வழிபாடு நடத்திவிட்டு வந்து குளிக்க இறங்கிய குளத்தொட்டியில் இறந்தார். கல்லறை திருச்சி செயின்ட் ஜான் ஆலயத்தில். அதே சாண்ட்ரி அவருக்குச் செய்த இன்னொரு நினைவுச்சின்னம் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில், அண்ணா மேம்பாலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. லண்டன் போவதற்கு முன்னால் அதைப் பார்த்துவிட்டுப் போங்கள். ஒரே சிற்பி ஒரே மனிதரை இரண்டு ஊருக்கு எப்படி இரண்டு விதமாகக் காட்டினார் என்பது புரியும். சென்னையில் இந்தியக் கிறிஸ்தவர்களும் கூடவே இருக்கிறார்கள்.

புதைக்கப்பட்டவர்களைப் பார்க்க நிலவறைக்கு இறங்க வேண்டும். குவிமாடத்தின் நேர் கீழே நெல்சன். 1806 ஜனவரி 9ஆம் தேதி அடக்கம். மேலே தெரியும் கறுப்புச் சலவைக்கல் பேழை அவருக்காகச் செய்ததே அல்ல. எட்டாம் ஹென்றி அரசரின் அமைச்சர் கார்டினல் வுல்சிக்காக 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியச் சிற்பி செய்தது. வுல்சி வீழ்ந்ததும் எட்டாம் ஹென்றி எடுத்துக்கொண்டார், அவருக்கும் பயன்படாமல் வின்சரில் கிடந்தது. உள்ளே இருக்கும் சவப்பெட்டி, நைல் போரில் வெடித்துச் சிதறிய பிரெஞ்சுக் கப்பல் லோரியானின் பாய்மரத்தில் செய்தது. நெல்சன் உயிரோடு இருந்தபோதே அவருக்கு வந்த பரிசு. அருகில் வாட்டர்லூவில் வென்ற தளபதி வெலிங்டன், 1852 நவம்பர் 18, கார்ன்வால் கல்லில் பேழை. இவருக்கு மேலேயும் ஒரு பிரம்மாண்ட நினைவுச்சின்னம் உண்டு. ஆல்பிரட் ஸ்டீவன்ஸ் அதை முடிக்காமலேயே 1875இல் இறந்தார். ஆலயத்துக்குள் குதிரையா என்ற எதிர்ப்பால் உச்சியில் குதிரைச் சிலை இல்லாமலே நின்று, 1912இல்தான் அது ஏறியது. 1773இல் மறுக்கப்பட்ட ரெனால்ட்ஸும் கீழேதான் இருக்கிறார், டர்னரும் மற்ற ஓவியர்களும் பக்கத்தில். ரென்னின் கல் ஓரமாக, மிகச் சாதாரணமாக இருக்கும். நினைவுச்சின்னம் தேடுகிறாயா, சுற்றிப் பார் என்ற புகழ்பெற்ற லத்தீன் வாசகம் அவர் எழுதியது இல்லை, மகன் எழுதியது.

இரண்டாம் உலகப் போர்ச் சேதம் இன்னொரு அடுக்கு. 1940 அக்டோபரில் விழுந்த குண்டு கிழக்குக் கூரையைத் துளைத்து உயர் பீடத்தை நொறுக்கியது, 1941 ஏப்ரலில் வடக்குப் பக்கம் அடிபட்டது. ஆகையால் இப்போதைய உயர் பீடமும் அதன் மேல் விதானமும் போருக்குப் பிந்தியவை, பின்னால் இருக்கும் அமெரிக்க நினைவுச் சிற்றாலயம் 1958இல் அர்ப்பணிக்கப்பட்டது. பார்க்கப் பழமையாகத் தெரியும்; வயது ஏறக்குறைய எழுபதுதான்.

போகும்போது ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அன்று வழிபாட்டுக்கு மட்டும்தான் திறப்பார்கள். கிழமை நாட்களில் காலையிலேயே போனால் முதலில் நிலவறை, பிறகு தரைத்தளச் சிலைகள், கடைசியாகப் படி என்று வையுங்கள். உச்சி மாடம்வரை 528 படி. முழங்கால் வலி இருந்தால் உச்சிவரை ஏறாமல் கீழே உள்ள மாடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மாலைப் பாடல் வழிபாட்டுக்குக் கட்டணம் கிடையாது, யாரும் உட்காரலாம்.